மிதப்பு விதி தெரியும், மிதக்கத் தெரியுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் நம் பழைய மாணவர்கள் சிலர் குடும்பத்தோடு கூடினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். பாயசம் பரிமாறும் நேரத்தில் பேச்சு தண்ணீர் விளையாட்டுப் பூங்காக்களுக்குத் தாவியது. பிள்ளைகளுக்கு விடுமுறை, எங்கே கூட்டிப்போவது என்பதுதான் ஆரம்பம். அப்புறம் பட்டிமன்றமே நடந்தது.

சென்னையில் வேலை பார்ப்பவர், திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவுக்குப் போய்வந்த கதையை ஆரம்பித்தார். தஞ்சோரா என்று ஒரு ரோலர் கோஸ்டராம். தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், நம் கால் அந்தரத்தில் தொங்கும் என்றார். கோயம்புத்தூர்க்காரர், "மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் மாதிரி வராது சார், மலையடிவாரக் காத்து அங்கதான்" என்றார். துபாயில் இருந்து வந்தவர் அந்த ஊர்ச் சறுக்கலின் உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டினார். அரியலூர்க்காரர் ஒருவருக்கு மட்டும் ஆதங்கம்: "ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து நம்ம பக்கம் ஒண்ணு வரக்கூடாதா சார்? சிமெண்ட் ஆலை மட்டும்தான் வருமா?"

அவர் மனைவி சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. "எது வந்தா எங்களுக்கு என்ன? பருத்திப் புடவையோட தண்ணில இறங்க விட மாட்டாங்க. பையையும் செருப்பையும் காவல் காத்துக்கிட்டு நாங்க உட்கார்ந்திருக்கணும்."

கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார், எது நல்லது?" என்றார்கள். நான் சிரித்துவிட்டுப் பாயசத்தைக் குடித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர்களுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தப் பூங்காக்களுக்கு எதிரி இல்லை. தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா 1995-இல் திறந்தது. ஓரிரு வருடம் கழித்து பள்ளிச் சுற்றுலாவாக நம் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். கடலைப் பார்த்தே இராத பிள்ளைகள் அலைக்குளத்தில் நின்று கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஒருவன், "சார், இந்த அலையை யாரு சார் தள்ளுறாங்க?" என்று கேட்டான். அறிவியல் வாத்தியாருக்கு அதைவிட வேறென்ன சந்தோஷம் வேண்டும்!

அங்கே இன்னொன்றையும் பார்த்தேன். கரையில் நின்ற காவலர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் கண் தண்ணீரிலேயே இருந்தது. கையில் விசில். அன்று அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

அந்தச் சுற்றுலாவுக்கு வந்த மாணவர்களில் ஒருவன் இரண்டு வருடம் கழித்து, ஒரு கோடை மதியத்தில், சுண்ணாம்புக்கல் வெட்டி விட்டுப்போன பள்ளத்துத் தண்ணீரில் குளிக்கப் போனான். திரும்பி வரவில்லை. எந்தப் பள்ளம், எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. அவன் அம்மா இன்னும் இருக்கிறார். அவனுடைய அறிவியல் நோட்டு, திருத்துவதற்காக என் மேசைமேல் இருந்தது. ஆர்க்கிமிடிஸ் தத்துவம் எழுதி, மிதப்பு விசை என்ற சொல்லின்கீழ் அழகாகக் கோடு போட்டிருந்தான். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் போடும்படிதான் எழுதியிருந்தான்.

33 வருடம் அந்தப் பாடத்தை நடத்தினேன். ஒரு பிள்ளைக்குக்கூட மிதக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. இந்தப் பதிவுக்குக் காரணம் அதுதான்.

நம் மண்ணின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்ததுதான் சுண்ணாம்புக்கல். காரை, வாரணவாசி என்று புதைபடிவங்களைத் தேடி உங்களை அலைய வைத்திருக்கிறேன் அல்லவா? அதே கல்லைத்தான் சிமெண்டுக்காக வெட்டுகிறோம். வெட்டிய இடத்தில் மழைநீர் நிற்கிறது. வெயில் காலத்தில் பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் அந்தத் தண்ணீர், நம் பிள்ளைகளுக்குக் காசில்லாத தண்ணீர்ப் பூங்கா.

கோயில் குளத்துக்குப் படி உண்டு. ஏரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆழமாகும். கல் வெட்டிய பள்ளம் அப்படி இல்லை. படுக்கை படுக்கையாக, செங்குத்தாக வெட்டியிருப்பார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவன் அடுத்த எட்டு வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர். ஏறப் பிடிமானம் இருக்காது. கரை வழுக்கும். மேலே வெதுவெதுப்பு, கீழே சில்லென்று குளிர். கொள்ளிடத்திலும் மணல் போன குழிகள் இருக்கின்றன. போன வருடம் நின்று குளித்த இடம் இந்த வருடம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆடிப்பெருக்குக்குத் திருமழபாடி, திருமானூர் பக்கம் போகிறவர்களுக்கு இது தெரியும்.

"எங்க காலத்துல எல்லாரும் நீந்தினோமே" என்று என் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். எங்களுக்குக் கிணறு இருந்தது. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, அண்ணனோ சித்தப்பாவோ உள்ளே தள்ளிவிடுவார். மேலே நான்கு பெரியவர்கள் நிற்பார்கள். ஒரு வாரத்தில் நீச்சல் வந்துவிடும். அப்புறம் ஆழ்துளைக் கிணறு வந்தது, நீர்மூழ்கி மோட்டார் வந்தது, திறந்த கிணறுகள் வற்றின. வற்றாத கிணற்றுக்கும் கம்பி வலை போட்டுவிட்டோம். பாசனம் மாறியது கண்ணுக்குத் தெரிந்தது. கூடவே ஒரு தலைமுறையின் நீச்சல் போனதை யாரும் கவனிக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அப்போதும் யாரும் கற்றுத்தரவில்லை, இப்போதும் தரவில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நம்மைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. நம் பள்ளிகளில் எத்தனை தினங்களோ கொண்டாடுகிறோம். இதை நானும் கொண்டாடியதில்லை.

இப்போது பட்டிமன்றத்துக்கு வருகிறேன். எது நல்ல பூங்கா? உயரமான சறுக்கல் இருப்பதா? அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 2014-இல் உலகத்திலேயே உயரமான தண்ணீர்ச் சறுக்கலைக் கட்டினார்கள். 168 அடி. 2016-இல் அதில் சென்ற படகு காற்றில் எழும்பி, 10 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். 2018-இல் அதை இடித்துவிட்டார்கள். 'உலகத்திலேயே பெரியது' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு அந்தப் பிள்ளை நினைவுதான் வருகிறது.

நல்ல பூங்காவில் எனக்குப் பிடித்தவை யாரும் படம் எடுத்துப் போடாத விஷயங்கள். குளத்தின் விளிம்பில் ஆழத்தை எழுதியிருப்பது. அலை வரும்முன் மணி அடிப்பது. முதல் ஆள் கீழே போய் விலகிய பிறகே அடுத்த ஆளை விடுவது. உயரம் அளக்கும் கோல். கண்ணைத் தண்ணீரை விட்டு எடுக்காத காவலர். பருத்தித் துணிக்குத் தடை என்று அந்தத் தங்கை குறைபட்டாரே, அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. நனைந்த புடவை காலைச் சுற்றும், கனக்கும். குளத்தில் விழுந்த பிள்ளையைக் காப்பாற்றப் புடவையோடு குதித்த அம்மாவும் சேர்ந்து மூழ்கும் செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்!

ஆகவே நம் பக்கம் பூங்கா வரட்டும், வேலையும் வரட்டும். ஆனால் அதற்கு நிறையப் பணம், நிறைய வருடம் வேண்டும். சீட்டும் ஒரு கூலித் தொழிலாளி நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போகும் விலையில் இருக்காது. பூங்காவின் ஒழுங்கை மட்டும் முதலில் கொண்டுவந்தால் என்ன? அதற்கு இவ்வளவு செலவாகாது.

வங்கதேசத்தில் கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, சுற்றிலும் தடுப்பு அமைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருகிறார்கள். பளிங்குக் கல் வேண்டாம், நீலநிற ஓடு வேண்டாம். நம் ஊரில் குளத்துக்கா பஞ்சம்? ஒன்றியத்துக்கு ஒரு நல்ல குளம், பயிற்சி பெற்ற இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் மிதக்கவும், 25 மீட்டர் நீந்தவும் தெரிந்திருக்க வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

கைவிட்ட பள்ளங்களுக்கு வேலி வேண்டும். ஆழத்தை எழுதிய பலகை வேண்டும். கரையில் ஒரு கம்பத்தில் கயிறும், காற்றடைத்த டியூபும் தொங்க வேண்டும். சுரங்கத்தை எப்படி மூடுவது என்று திட்டம் கொடுக்கச் சட்டமே சொல்கிறது. அது கிராம சபையில் நாம் கேட்டால்தான் நினைவுக்கு வரும். ஊராட்சியில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்கள் இதைப் படித்துவிட்டு லைக் மட்டும் போட்டால் எனக்குக் கோபம் வரும்.

"நீச்சல் தெரிஞ்சவன்தானே சார் ஆழத்துக்குப் போய் மூழ்குறான்?" என்று என் தம்பி மகன் கேட்டான். நல்ல கேள்வி. அதனால்தான் நீச்சலை மட்டும் கற்றுத்தரக் கூடாது என்கிறேன். எந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதும் அதே பாடத்தில் வரவேண்டும். சைக்கிள் கற்றுத்தரும்போது நெடுஞ்சாலை பற்றியும் சொல்லித்தானே தருகிறோம்?

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை:

1. பூங்காவோ ஏரியோ, சின்னப் பிள்ளை தண்ணீரில் இருந்தால் ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போன் பையில் இருக்கட்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது.

2. யாராவது மூழ்கினால் உடனே குதிக்காதீர்கள். கயிறு, நீளக் கம்பு, புடவை, மூடிய காலி பிளாஸ்டிக் கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள், நீட்டுங்கள். ஆள் கூப்பிடுங்கள்.

3. வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். நேரம்தான் வீணாகும். 108-க்கு ஒருவர் பேசட்டும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதும், நெஞ்சை அழுத்துவதும்தான் உயிரைக் காக்கும். நம் மாணவர்களில் மருத்துவர்கள், செவிலியர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் ஊரில் செய்து காட்டுங்கள், நான் கூட்டம் சேர்க்கிறேன்.

4. இந்த விடுமுறையில் பூங்காவுக்குப் போங்கள், சந்தோஷமாக இருங்கள். அந்தச் செலவில் ஒரு பகுதியை எடுத்துவைத்து பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேருங்கள். பெண் பிள்ளையை முதலில் சேருங்கள்.

எந்தச் சறுக்கல் பெரியது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. தண்ணீரில் விழுந்த பிள்ளை தானே கரையேறும் ஊர்தான் என்னைப் பொறுத்தவரை பெரிய ஊர். அப்படி ஓர் ஊரில் எந்தப் பூங்கா வந்தாலும் நானும் வருகிறேன். அந்தத் தங்கையின் பையையும் செருப்பையும் நான் காவல் காக்கிறேன், அவர் இறங்கி விளையாடட்டும்.

உங்கள் ஊரில் வேலி இல்லாத பள்ளம் இருந்தால் கீழே எழுதுங்கள். பட்டியல் போட்டு மனு எழுதுகிறேன். கையெழுத்து மட்டும் நீங்கள் போட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்