கேஸே போடாமல் "வாய்தா" சொன்னால் யாரிடம் போவது?

பாகலூர்.
"சார், என் கேஸ் என்ன ஆச்சு?"
"வாய்தா போட்டிருக்கு. அடுத்த மாசம் வாய்யா."

பாகலூரில் பஸ் ஏறி ஓசூர் கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சு பழகிப் போனது. வாய்தா நிஜமென்றால் பொறுக்கலாம். கேஸே போடாமல் இருந்தால்?

தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. காது கேளாத ஒரு முதியவரும் அவர் மனைவியும் புரோநோட்டுக் கடனை வசூலிக்க வக்கீலை அமர்த்தினார்கள். கேஸ் போட்டாச்சு என்றார் வக்கீல். போடவே இல்லை! புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் கெடு. கெடு போனால் காசும் போச்சு.

தமிழ்நாடு பார் கவுன்சில் அந்த வக்கீலுக்கு 6 வருஷம் தடை போட்டது. அப்பீலில் இந்திய பார் கவுன்சில் 1 வருஷமாக்கியது. 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு தடையை இன்னும் சுருக்கி, இலவச சட்ட உதவி வேலை பார்க்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு ரூ.2,500 தர வேண்டும் என்றது. எழுதியவர் நீதிபதி கிருஷ்ண அய்யர். கூட இருந்த நீதிபதி ஏ.பி.சென் தண்டனைக் குறைப்பை ஏற்கவில்லை. நம் ஓட்டு சென்னுக்குத்தான். ஏமாற்றிய கையிலேயே ஏழைகளின் கேஸைக் கொடுப்பதா?

ஒழுங்காகத் தொழில் செய்யும் வக்கீல்கள் நிறையப் பேர். கெட்ட பேர் அவர்களுக்கும்தானே வருகிறது?

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். 2007-ல் தேசிய நுகர்வோர் கமிஷன் போகலாம் என்றது. 14-5-2024 அன்று சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கதவை மூடிவிட்டது. நஷ்டஈடு வேண்டுமானால் சிவில் கேஸ் போட வேண்டும். அதற்கும் ஒரு வக்கீல் வேண்டும்!

ஒழுங்கு நடவடிக்கைக்கு பார் கவுன்சில்தான். அது கண்டிக்கலாம், கொஞ்ச காலம் தடை போடலாம், பேரையே நீக்கலாம். புகாரை ஒரு வருஷத்தில் முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். இது 1961-ம் வருஷ வக்கீல்கள் சட்டம்.

எல்லையில் இருக்கிற நமக்கு இன்னொரு சிக்கல். வக்கீல் எந்த மாநிலத்தில் பதிவு செய்தாரோ அங்கேதான் புகார். கர்நாடகத்தில் பதிந்தவர் என்றால் பெங்களூர். தமிழ்நாட்டில் பதிந்தவர் என்றால் சென்னை, சுமார் 300 கிலோ மீட்டர். கூலி வேலைக்காரர் எத்தனை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைவார்?

பீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்கவும் வக்கீலுக்கு உரிமை இல்லை. 2000-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. விபத்து நஷ்டஈட்டில் பங்கு பேசுவதும் தப்பு. இதெல்லாம் கட்சிக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

ஓசூர் கோர்ட்டு வாசலில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் போர்டு எழுதி வைக்கட்டும். ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டி வருஷத்தில் சில நாளாவது கிருஷ்ணகிரிக்கு வந்து விசாரிக்கட்டும். அதுவரை, கேஸ் நம்பரை வாங்கி, கோர்ட்டு இணையதளத்தில் பார்த்துச் சொல்லும்படி வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். நம்பர் தராமல் இழுத்தடித்தால் உஷார்!