குடலும் குடும்பமும்

ஊரை விட்டு வரும்போது நாம் இட்டலிக் கொப்பரையைக் கட்டிக்கொண்டு வந்தோம். ஊறுகாய் ஜாடியும் குலதெய்வப் படமும் கூடவே வந்தன. ஒன்றை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டோம். நம் முன்னோர் எந்த நோயால் மறைந்தனர் என்னும் விவரமே அது.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவருக்கு 46 வயது. மலத்தில் இரத்தம் கண்டபோது மூலமென்று தாமே முடிவு செய்து, ஓராண்டு கைவைத்தியத்தில் கழித்தார். பின்னர் வைத்தியர், "குடும்பத்தில் யாருக்கேனும் குடல் நோய் உண்டா?" என்று கேட்டார். அன்பருக்கு விடை தெரியவில்லை. ஊரிலிருந்த தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தார். 48 வயதில் 'மூலத்தால்' காலமானதாகச் சொல்லப்பட்ட தந்தையாருக்கு இருந்தது குடற்புற்று என்பது அப்போதுதான் புலனாயிற்று. நல்லவேளையாக, அன்பரின் குடலில் இருந்தது புற்றாக மாறாத ஒரு முளையே. அதை அகற்றிவிட்டார்கள்.

பெருங்குடலின் உட்சுவரில் தோன்றும் இத்தகைய முளையைப் 'பாலிப்' என்பர். பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. சிலவோ மெல்ல வளர்ந்து புற்றாகின்றன. அதற்குப் பொதுவாகப் 10 ஆண்டுகளேனும் ஆகும். அதற்குள் கண்டு அகற்றினால் பெரும்பாலும் ஆபத்து நீங்கும். ஆனால் முளை வலிப்பதில்லை, தேடினால்தான் அகப்படும்.

யார் முன்னதாகத் தேட வேண்டும்? 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தையற்காரப் பெண்மணி ஒருவர், தம் குடும்பத்தில் பலரும் புற்றுநோயால் மாண்டதாகவும் தமக்கும் அதுவே நேருமென்றும் டாக்டர் ஆல்டிரெட் வார்த்தினிடம் கூறினார். அவர் அஞ்சியவாறே நேர்ந்தது. வார்த்தின் அக்குடும்பத்தின் வம்சாவளியை ஆராய்ந்து 1913-இல் வெளியிட்டார். இன்று 'லிஞ்ச்' நோய் எனப்படுவது அதுவே. மரபணுக்களில் நேரும் பிழைகளைத் திருத்தும் ஆற்றல் இதில் குன்றுகிறது. முளை விரைவில் புற்றாகிறது. மற்றொரு பரம்பரை நோயில், ஏ.பி.சி. என்னும் மரபணு பழுதுபடுவதால் இளமையிலேயே நூற்றுக்கணக்கான முளைகள் தோன்றுகின்றன. இவ்விரண்டிலும் பெற்றோரில் ஒருவருக்குப் பழுதிருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி.

இவை அரியவை. எனினும் பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ குடற்புற்று வந்திருந்தால், நமக்கும் அது வரும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகும். அத்தகையோர் 40 வயதிலோ, உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் 10 ஆண்டு முன்போ, எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டுமென்பது வைத்தியர் வகுத்த விதி. நம் அன்பர் 38 வயதிலேயே செய்திருக்க வேண்டும்.

உணவுக்கும் இதில் பங்குண்டு. நாள்தோறும் 50 கிராம் சாசேஜ், பேக்கன் போன்ற பதனிட்ட இறைச்சி உண்டால் குடற்புற்றின் அபாயம் 18 சதவீதம் கூடுமென்று 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் அறிவித்தது. மது, புகை, உடற்பருமன் ஆகியவையும் பகைவரே. தவிடு நீக்காத தானியமும் பருப்பும் கீரையும் நல்லவை. ஆயினும் "நாங்கள் சைவம்; எங்களுக்கு வராது" என்றிருத்தல் தவறு. முளையை ஒருமுறை அகற்றியவர்களுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவளித்தும் அது மீண்டும் முளைப்பது குறையவில்லையென 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. கீரை உடலைப் பேணும், பரம்பரையை மாற்றாது.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது பெரியவர்களிடம் பதமாகக் கேளுங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில்? இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். நிலபுலன்களின் பத்திரத்தைப் போலவே, அதுவும் அவர்களுக்குச் சேர வேண்டிய சொத்து.