துலா மாதத்தில் ஒரு துலா: விதைப்பந்து வீசும் கவண்பொறி

ஐப்பசிக்குத் துலா மாதம் என்று இன்னொரு பேர் உண்டு. குற்றாலத்தில் சீசன் கூட்டம் கலைந்து, ஆனி ஆடியில் ஆளைத் தள்ளிய மேல்காற்று அடங்கி, வடகிழக்குப் பருவமழைக்காக ஆலங்குளம் வட்டாரமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். பள்ளிக்கூடங்களிலோ அது வேறு சீசன். நவம்பர் 14 குழந்தைகள் தினத்தை ஒட்டி அறிவியல் கண்காட்சி என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் விழும். அன்று சாயங்காலமே ஸ்டேஷனரி கடையில் தெர்மகோல் காலியாகிவிடும்.

அப்புறம் வருவது உங்களுக்கே தெரியும். ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றிய எரிமலை. மழைநீர் சேகரிப்பு வீடு. பேட்டரியில் சுற்றும் காற்றாலை. (ஆலங்குளத்தில் காற்றாலைக்கு மாடல் எதற்கு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே நிஜம் தெரியுமே என்று கேட்கக் கூடாது.) பாதிக்கு மேல் அப்பாக்கள் ராத்திரி பதினொரு மணி வரை முழித்து ஒட்டியவை. பிள்ளை மறுநாள் போய் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும்.

இந்த வாரப் பட்டறையில் நாம் பார்க்கப்போவது, அப்பா செய்து கொடுத்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும் ஒரு சாமான். கவண்பொறி. ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளும் அவளுடைய மூன்று தோழிகளும் போன வருடம் செய்தது.

பேர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். நம் பக்கத்தில் கவட்டை என்றால் ஒய் வடிவக் கொம்பில் சைக்கிள் ட்யூப் கட்டி இழுத்து அடிப்பது. உண்டிவில் என்பதும் அதைத்தான். ரப்பர் வந்த பிறகு வந்த வடிவம் அது. கவண் அதைவிட ரொம்பப் பழசு: நடுவில் ஒரு சின்னத் தொட்டில், இரண்டு பக்கமும் கயிறு. கல்லை வைத்துச் சுழற்றி, ஒரு கயிற்றை மட்டும் விடுவது. தினைப்புனத்தில் வள்ளி கிளி விரட்டியது இதனால்தான். இந்தக் கவணை ஒரு நீளக் கம்பின் நுனியில் கட்டி, கம்பின் மறு நுனியில் கனமான எடையைத் தொங்கவிட்டால் கவண்பொறி. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதில்மேல் இருந்த பொறிகளின் நீளமான பட்டியல் வருகிறது. கல் எறியும் கவணும் அதில் உண்டு. வடக்கே 1301-ல் ரணதம்பூர் கோட்டையை முற்றுகையிட்ட அலாவுதீன் கில்ஜியின் தளபதி நுஸ்ரத் கான் செத்தது, கோட்டைக்குள்ளிருந்து இப்படி ஒரு பொறி எறிந்த கல் பட்டுத்தான். மூன்று வருடம் கழித்து, 1304-ல், ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டை வாசலில் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் 'போர் ஓநாய்' என்று பேர் வைத்து ஒரு ராட்சதப் பொறியையே கட்ட வைத்தார்.

சண்டைக் கதை போதும். இதன் உடம்பு நமக்கு அந்நியமே இல்லை. கிணற்று ஓரத்தில் ஒரு கவைக்கால், அதன்மேல் நீளக் கம்பு, குட்டைப் பக்கத்தில் கல், நெட்டைப் பக்கத்தில் வாளி: துலா. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் இன்றும் அந்தப் பேர்தான். துலாவில் கல் இறங்கினால் தண்ணீர் ஏறும். கவண்பொறியில் கல் இறங்கினால் உருண்டை பறக்கும். என் அக்கா மகளுக்கு நெம்புகோல் தத்துவத்தைப் பாடப் புத்தகம் புரியவைத்ததைவிட, "துலாக் கிணத்துல நான் தண்ணி எறச்சிருக்கேம்ட்டி" என்று அவள் ஆச்சி கையை ஆட்டிக் காட்டியதுதான் புரியவைத்தது.

எதை எறிவது என்பதில்தான் வீட்டில் முதல் சண்டை. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1986-ல் தொடங்கிய பூசணிக்காய் எறியும் போட்டியின் வீடியோவைப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். அங்கே அறுவடைக் காலத்துத் திருவிழாக்களில் இது பெரிய விளையாட்டு. சந்தையில் தக்காளி சீப்பாகத்தான் கிடைக்கிறது, அதை எறிவோம் என்றாள் ஒருத்தி. என் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெல கெடைக்காம ரோட்டுல கொட்டிட்டுப் போறவன் வயித்தெரிச்சல் ஒனக்கு வெளையாட்டா இருக்கா?" காய்கறிச் சந்தையை நம்பிப் பிழைக்கிற ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. (சாப்பிடுகிற பொருளை எறியக் கூடாது என்கிற நாம்தான் ஆயுத பூஜைக்கு நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்து பைக்காரர்களைச் சறுக்க விடுகிறோம். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.)

விதைப்பந்து என்ற யோசனை அப்படித்தான் வந்தது. செம்மண் மூன்று பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, நடுவில் ஒரு வேப்பங்கொட்டையோ புங்கங்கொட்டையோ வைத்து உருட்டி, நிழலில் இரண்டு நாள் காய வைப்பது. ஜப்பானிய இயற்கை விவசாயி மசனோபு ஃபுகுவோகா இதைப் பரவலாக்கினார். வேப்பங்கொட்டை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும்; ஆடியில் பொறுக்கியதை ஐப்பசிக்கு வைத்திருந்தால் பாதிக்கு மேல் வீண். புங்கை தாங்கும். பெரிய எலுமிச்சையைவிடச் சற்றுச் சின்னதாக, மூன்று சென்டிமீட்டர் உருண்டை காய்ந்த பிறகு சுமார் 25 கிராம் நிற்கும். இந்த 25 கிராமைக் குறித்துக்கொள்ளுங்கள், மீதிக் கணக்கெல்லாம் இதிலிருந்துதான்.

எறியும் பொருளைப்போல எதிர் எடை ஏறக்குறைய 100 மடங்கு இருந்தால் பொறி நன்றாக வீசும். ஆக, இரண்டரைக் கிலோ. ஒரு எண்ணெய் டின்னில் மணல் நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். கைமரத்துக்கு ஒரு மீட்டர் ரீப்பர் கட்டை. முடிச்சு இல்லாமல் நேராக இருக்க வேண்டும். அச்சுத் துளை நட்டநடுவில் வராது. ஒரு முனையிலிருந்து 20 சென்டிமீட்டரில் போட வேண்டும். அப்போதுதான் குட்டைக் கைக்கும் நெட்டைக் கைக்கும் ஒன்றுக்கு நான்கு என்று விகிதம் வரும். துளையை ஆசாரி பட்டறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. நெட்டைக் கையை நுனிப் பக்கம் இழைத்து மெலிதாக்கச் சொன்னால் இன்னும் நல்லது. கை கனமாக இருந்தால், இறங்குகிற எடையின் பலத்தைக் கையே தின்றுவிடும்.

தாங்குவதற்கு இரண்டு பக்கமும் ஏ வடிவச் சட்டம், அச்சு உயரம் 60 சென்டிமீட்டர். அச்சுக்கு நீளமான போல்ட் அல்லது இரும்புக் கம்பி. எண்ணெய் டின்னைக் குட்டைக் கையில் ஆணி அடித்து இறுக்காதீர்கள், கட்டுக் கம்பியில் ஊஞ்சல்போலத் தொங்கட்டும். இறுக்கினால் எடை வளைந்து சுற்றும், சட்டம் குலுங்கும். தொங்கினால் ஏறக்குறைய நேராக விழும், அந்த விழுகையின் பலம் அதிகமாக உருண்டைக்குப் போய்ச்சேரும்.

நெட்டைக் கை நுனியில் கவண். இதன் நீளம் நெட்டைக் கையளவே, அதாவது 80 சென்டிமீட்டர். பழைய ஜீன்ஸ் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தொட்டில், இரண்டு கயிறு. ஒரு கயிற்றைக் கை நுனியில் நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். மற்றதன் முனையில் ஒரு வளையம். கை நுனியில் தலை வெட்டிய ஓர் ஆணியை நீட்டிக்கொண்டிருக்கும்படி அடித்து, வளையத்தை அதில் சும்மா மாட்டி வைக்க வேண்டும்.

பொறியின் மூளை அந்த ஆணிதான். எடை விழும்போது கை மேலே சுழலும், கையைவிட வேகமாகக் கவண் சுழலும், ஒரு கட்டத்தில் வளையம் ஆணியிலிருந்து வழுக்கி, தொட்டில் திறந்து, உருண்டை பறந்துவிடும். அந்தக் கட்டம் எப்போது வரவேண்டும் என்பதை ஆணியின் வளைவு முடிவு செய்கிறது. உருண்டை நேர் மேலேயோ பின்னாலேயோ போனால் வளையம் சீக்கிரம் கழன்றுவிட்டது என்று அர்த்தம், ஆணியை முன்பக்கம் இன்னும் கொஞ்சம் வளைக்க வேண்டும். முன்னால் தரையில் போய் மோதினால் தாமதமாகக் கழன்றிருக்கிறது, ஆணியை நிமிர்த்த வேண்டும். ஏறக்குறைய 45 டிகிரியில் கிளம்பினால்தான் தூரம். குறட்டை வைத்து வளைக்க, எறிய, டேப் பிடித்து அளக்க, நோட்டில் எழுத என்று இந்தப் பிள்ளைகள் இரண்டு சனி ஞாயிறு செலவழித்தார்கள். முதல் எறி பின்னால் போய் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. முப்பத்தோராவது எறி 19 மீட்டர்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு, எடை விகிதம், எடை இறங்கும் உயரம், மூன்றையும் பெருக்கினால் அதிகபட்ச தூரம் வரும். இந்த அளவுகளில் எடை சுமார் 35 சென்டிமீட்டர் இறங்குகிறது. 2 பெருக்கல் 100 பெருக்கல் 0.35, ஆக 70 மீட்டர். மீதி 51 மீட்டர் எங்கே போனது? அச்சு உராய்வு, கையின் கனம், டின் ஆடுகிற ஆட்டம், காற்று. கண்காட்சியில் கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

ஆனால் கண்காட்சிக்குப் போவதே சந்தேகமாகிவிட்டது. பேர் கொடுக்கப் போன அன்றைக்கே டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். "எறியுற சாமானா? யார் கண்ணுலயாவது பட்டா நான் என்ன பதில் சொல்ல?" நாலு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். என்னைக் கேட்டால் டீச்சர் பக்கம்தான் நியாயம். கவட்டைக் கல் பட்டுக் கண் போனவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். காட்டுப் பறவையைக் கவட்டையால் அடிப்பது 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நிறையப் பிள்ளைகளுக்குத் தெரியாது. (குற்றாலக் குறவஞ்சிச் சிங்கன்கூட வைத்தது கண்ணிதான்!) அந்தப் பயம் வீண் பயம் இல்லை.

"அப்ப யார் மேலயும் படாதுன்னு காட்டுனா விடுவாகளா சித்தி?" என்று கேட்டாள் அக்கா மகள். உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார்கள். கல், கண்ணாடிக் கோலி, இரும்பு எதுவும் வைக்கக் கூடாது. முன்னால் 30 மீட்டர் யாரும் நிற்கக் கூடாது, பின்னாலும் 30 மீட்டர் நிற்கக் கூடாது, ஏனென்றால் இது பின்னாலும் எறியும். பக்கவாட்டில் கயிறு கட்டி அதற்கு வெளியேதான் கூட்டம். கொண்டியைக் கையால் தட்டக் கூடாது, மூன்று மீட்டர் நூலால் இழுக்க வேண்டும். ஏற்றி வைத்த பொறிக்கு மேலே யாரும் குனியக் கூடாது. இரண்டரைக் கிலோ டின் விழுந்தால் விரல் நசுங்கும், எகிறி வரும் கை தாடையில் அடிக்கும். அதற்காகவே கை கீழே இருக்கும்போது குறுக்கே சொருக ஒரு பூட்டுக் கம்பி. ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லாமல் ஏற்றவே கூடாது. டீச்சர் இரண்டு முறை படித்தார். வகுப்பறைக்குள் கிடையாது, மைதானத்தில், பிரேயர் முடிந்ததும் அரைமணி நேரம் மட்டும் என்று சம்மதித்தார்.

அன்றைக்கு நடுவராக வந்தவர் பொறியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "அப்பா செஞ்சு தந்தாரா?" என் அக்கா மகள் பதில் சொல்லவில்லை. பூட்டுக் கம்பியைச் சொருகினாள். குறட்டை எடுத்து ஆணியைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். "இப்ப மேல போவும் சார், தூரம் வராது." எறிந்தாள்; தென்னை உயரம் போய் எட்டடிக்குள் விழுந்தது. மறுபடி வளைத்தாள். "இப்ப அந்தக் கம்பத்துக்கிட்ட." கம்பத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்தது. அவர் குறட்டை வாங்கி, தானே வளைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வரிசையில் அடுத்து நின்ற எரிமலைக்காரப் பையன் பாவம், சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

முதல் பரிசு மழைநீர் சேகரிப்பு வீட்டுக்குப் போனது. இவர்களுக்கு இரண்டாவது. செலவு எல்லாம் சேர்த்து 240 ரூபாய். அதில் பாதி, ஆசாரி வேண்டாம் என்றும் அக்கா கையில் திணித்த கூலி.

மழை இறங்கியதும், அனுமதி கேட்டு ஊர்க் குளத்துக் கரைச் சரிவில் நாற்பது பந்து எறிந்தார்கள். எட்டு முளைத்தன. இரண்டை ஆடு மேய்ந்துவிட்டது. மீதி ஆறுக்கு முள் வேலி கட்டி, ஆளுக்கு ஒன்றரை என்று பங்கு போட்டிருக்கிறார்கள். அந்த அரைக் கன்று யாருடையது என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. எறிந்தால் காடு வந்துவிடும் என்று நம்புகிற விதைப்பந்து விழாக்காரர்கள், இப்படி எண்ணிப் பார்த்தால் நன்றாக இருக்கும். குழி தோண்டி நட்டிருந்தால் இதைவிடக் கூடுதலாகப் பிழைத்திருக்கும். ஆனால் அந்தச் செங்குத்துச் சரிவில் மண்வெட்டியோடு யார் ஏறுவது என்பதும் ஒரு கேள்விதான்.

இப்போது அடுத்த பஞ்சாயத்து. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்துக்கு 30 மீட்டரைத் தாண்ட வேண்டுமாம். எதிர் எடையை இரட்டிப்பாக்கலாம் என்கிறாள் ஒருத்தி. சட்டம் தாங்காது, அச்சில் பேரிங் போட்டு உராய்வைக் குறைப்போம் என்கிறாள் அக்கா மகள். பேரிங் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்ததிலிருந்து, என் அக்கா வெட் கிரைண்டர் இருக்கும் அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறாள்.