உதவித்தொகைக் குழுவில் ஓய்வுபெற்றோருக்கு இடம் கொடுங்கள்

அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் இருந்ததால் சிமெண்ட் ஆலைகள் வந்தன. 1979-இல் அரசின் டான்செம் ஆலை. அதன்பின் ஆலத்தியூர், தளவாய், ரெட்டிபாளையம், கோவிந்தபுரம் என்று தனியார் ஆலைகள். பெரம்பலூர் பக்கம் எறையூர் சர்க்கரை ஆலையும் நாரணமங்கலம் டயர் ஆலையும் உள்ளன. இவற்றில் கணக்கு, கொள்முதல், பணியாளர் நலன் என்று காலமெல்லாம் பொறுப்பு வகித்த அதிகாரிகள் ஆண்டுதோறும் ஓய்வு பெறுகிறார்கள். பிரிவுபசார விழாவோடு அவர்களுடைய அனுபவத்துக்கும் இந்த ஊர்களுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. அதை அறுபடாமல் காக்க ஒரு வழி இருக்கிறது. கத்தோலிக்கப் பள்ளிகளின் கல்வி உதவித்தொகையைக் கவனிக்கக் குழுக்கள் அமைத்து, அவற்றில் இவர்களுக்கு ஊதியமில்லாத, ஆனால் முடிவெடுக்கும் உரிமையுள்ள இடம் தரவேண்டும் என்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பெரம்பலூரில் 74, அரியலூரில் 71. இப்படிப் பின்தங்கிய பகுதியில்தான் பெரம்பலூர் புனித தோமினிக், ஜெயங்கொண்டம் பாத்திமா, வரதராஜன்பேட்டை தொன்போஸ்கோ போன்ற பள்ளிகள் பாடம் நடத்துகின்றன. முந்திரிக் காட்டில் கூலி வேலைக்குப் போகிறவர், மானாவாரியில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தகைய பள்ளிகளே வாசல்.

‘அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறதே, உதவித்தொகை எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். விடுதிக் கட்டணம் இருக்கிறது, பேருந்துச் செலவு இருக்கிறது, சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவின் கட்டணமும் இருக்கிறது. அரசுத் திட்டங்களிலும் இடைவெளிகள் உண்டு. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் முதலில் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு வந்தது. பிறகு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் நீட்டிக்கப்பட்டது. அதே வளாகத்தில் ஆங்கிலவழியில் படித்த ஏழைப் பெண் அதற்கு வெளியே நிற்கிறாள். மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர் உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது.

திருச்சபையும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் கத்தோலிக்க மெட்ரிக் பள்ளிகளுக்கு 25 விழுக்காடு இடத்தை ஏழைகளுக்கு ஒதுக்கும் கட்டாயம் இல்லை. சட்டம் கேட்காவிட்டால் என்ன? அந்தப் பிள்ளைகளைத் தானே முன்வந்து சேர்த்துக்கொள்வது திருச்சபையின் கடமை.

அதற்கான பணம் இந்த மாவட்டங்களிலேயே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் வெளி அமைப்பு ஒன்று இந்த நிதியைப் பெற்றுச் செயல்பட, கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு, வருமான வரித்துறைச் சான்றுகள், தணிக்கை செய்த கணக்கு என்று கேட்பார்கள். பாடத்தையும் பங்கையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பங்குத்தந்தையோ, அருட்சகோதரியான தலைமையாசிரியரோ இதற்கு எங்கே போவார்? மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து இத்தகைய கோரிக்கைகளைப் பரிசீலித்தவருக்கு எந்தத் தாளில் எதை எழுதினால் கோப்பு நகரும் என்று தெரியும்.

இதைவிடச் சிறிய வேலைகளும் உண்டு. நம் கண்ணில் அவையே பெரியவை. ஆதாரில் ஓர் எழுத்து, மாற்றுச் சான்றிதழில் வேறோர் எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கு நடக்கும் தாய்க்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர்க்கும் மாநில அரசின் உதவித்தொகை உண்டு என்பதை அறியாத குடும்பங்கள் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வந்து, இந்தத் தாள்களைச் சரிபார்த்து, வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வரும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பல பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றிவிடுவார்.

தொழில்துறை அனுபவம் உள்ளவர்கள் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் கைகொடுப்பது அமெரிக்காவில் பழகிய வழி. நியூயார்க்கில் 1971-இலும் சிகாகோவில் 1986-இலும் ஏழைப் பகுதிக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்காக நிதியங்கள் தொடங்கின; தொழில்துறைத் தலைவர்கள் அவற்றின் வாரியங்களில் அமர்ந்து நிதி திரட்டுகிறார்கள். நமக்கு இன்னும் பழைய சான்று பக்கத்திலேயே இருக்கிறது. வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயத்துக்கு நிலம் தந்தவர் அரியலூர் மழவராயர் என்று ஆலய வரலாறு சொல்கிறது. அவர் கிறித்தவர் அல்லர். இன்றைய குழுக்களிலும் எல்லா மதத்தவரும் அமரட்டும். உதவி பெறும் பிள்ளைகளிலும் ஞானஸ்நானம் பார்த்துப் பிரிக்க வேண்டாம்.

வெளியாட்கள் வந்தால் நிர்வாகம் கைமாறிவிடும் என்ற அச்சம் தாளாளர்களுக்கு இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு தரும் நிர்வாக உரிமையை யாரும் கேட்கவில்லை. ஆசிரியர் நியமனமும் மாணவர் சேர்க்கையும் மறைமாவட்டத்திடமே இருக்கட்டும். உதவித்தொகை நிதி மட்டும் குழுவின் பொறுப்பு. வருகிறவர்களுக்கும் நிபந்தனை வேண்டும். தமக்கு வேண்டியவர் பிள்ளையைச் சிபாரிசு செய்யக்கூடாது. ஆலையில் உத்தரவிட்ட குரலில் அருட்சகோதரிகளிடம் பேசக்கூடாது. மூன்றாண்டுக்கு மேல் ஒருவர் தொடரக்கூடாது. வரவு செலவு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்; உதவி பெற்ற பிள்ளையின் பெயர் மட்டும் அதில் இருக்கவே கூடாது.

இப்பகுதிப் பள்ளிகள் பலவற்றுக்குப் பொறுப்பான, 1899-இல் உருவான கும்பகோணம் மறைமாவட்டம் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டும். அரியலூருக்கு ஒன்று, பெரம்பலூருக்கு ஒன்று என இரு குழுக்களை ஜூனில் பள்ளி திறக்கும் முன் அறிவிக்கட்டும். ஆலை நிர்வாகங்களும் ஓய்வு பெறப்போகும் அதிகாரிகளிடம் கடைசி மாதத்திலேயே இதைக் கேட்டுவைக்கட்டும்.