தண்ணூற்றும் ஆனைக்குட்டமும்

அருச்சுனை ஆற்றங்கரையில், சிவகாசி வட்டாரத்தில், ஆனைக்குட்டம் என்றோர் ஊர் உண்டு. வெடிச்சாலைகளும் தீப்பெட்டிச் சாலைகளும் சூழ்ந்த கரிசல் வெளியில், மழைக்கு வானத்தையே பார்த்திருக்கும் நிலத்தில், நீரைப் பெயராகக் கொண்ட ஊர் அது. குட்டம் என்பது ஆழம். ஆழமாக நீர் நிற்கும் இடம். குட்டை என்னும் சொல்லை நாட்டுப்புறத்துச் சிறுபிள்ளையும் அறியும். ஆனை என்னும் முன்னடையோ விலங்கையும் குறிக்கும், பருமையையும் குறிக்கும். நெருஞ்சியிற் பெரியதை ஆனைநெருஞ்சி என்கிறோம் அல்லவா? ஆனை இறங்கிக் குளித்த மடு என்று கொண்டாலும், ஆனைபோற் பெரிய மடு என்று கொண்டாலும், பெருநீர் நின்ற இடம் என்பதே அப் பெயரின் கருத்து.

இதேபோல் நீரைக் குறிக்கும் வேறொரு பெயரும் நமக்கு நன்கு பழகியது. ஆனால் அதன் பொருளை நம்மவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுதான் கால்டுவெல்.

கால்டு என்பது பழைய ஆங்கிலத்தில் குளிர்ச்சி. வெல் என்பது ஊற்று அல்லது கிணறு. தண்ணூற்று என்று நாம் தமிழாக்கிக் கொள்ளலாம். இசுக்காட்டுலாந்தில் அப்படி ஓர் இடம் இருந்தது. அவ் விடத்தார் அதனையே தம் குடிப்பெயராகக் கொண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு அயர்லாந்தின் வடபகுதியில் இசுக்காட்டுலாந்தினரையும் ஆங்கிலரையும் கொண்டுபோய்க் குடியேற்றியபோது, அப் பெயரும் கடல் கடந்தது. இன்று வட அயர்லாந்தில் அது வேரூன்றிய பெயர். அங்கிருந்து கப்பலேறிப் போனவர்களால் அமெரிக்காவில் அதனினும் மிகுதி. எர்சுக்கின் கால்டுவெல் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கப் புதின ஆசிரியரின் பெயரிலுள்ளதும் இப் பெயரே.

நம் இராபர்ட்டு கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடி என்னும் சிற்றூரில் பிறந்தவர், பெற்றோர் இசுக்காட்டுலாந்தினர். 1838-இல் சென்னைக்கு வந்து, 1841-இல் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் அமர்ந்தார். 1856-இல் அவர் வெளியிட்ட ஒப்பிலக்கணம், தமிழ் வடமொழியின் கிளை அன்று என்பதை உலகறியச் செய்தது. 1891-இல் கோடைக்கானலில் மறைந்த அவருடல் இடையன்குடியில் அடக்கம் செய்யப்பெற்றது. 1968-இல், உலகத் தமிழ் மாநாட்டின்போது, சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. இவையெல்லாம் நம் அன்பர்கள் அறிந்தனவே. அறியாதது ஒன்று உண்டு.

அயர்லாந்தில் கால்டுவெல் என்று எழுதிக்கொள்ளும் குடிகள் அனைத்தும் இசுக்காட்டுலாந்திலிருந்து வந்தவை அல்ல. சில குடிகள் அம் மண்ணின் பழங்குடிகள். ஓ ஊரிசுக்கே என்பதை ஒத்த ஐரியப் பெயர் தாங்கியவை. ஐரிய மொழியில் குளிர்நீருக்கு வழங்கும் சொல்லும் ஏறத்தாழ அவ் வொலியுடையது. பெயரின் மூலத்தை அறியாதார் 'குளிர்நீர்' என்று அதற்குப் பொருள் கண்டனர். கால்டுவெல் என்று ஆங்கிலமாக்கினர். தாத்தன் பெயர் போயிற்று. அவ் விடத்தில் ஒரு கிணறு வந்து அமர்ந்தது!

இஃது ஒரு குடிக்கு நேர்ந்த கேடு மட்டுமன்று. ஒரு நாட்டுக்கே நேர்ந்தது. ஐரோப்பாவில் குடிப்பெயர் முதலில் நிலைத்த நாடுகளுள் அயர்லாந்து ஒன்று. பத்தாம் நூற்றாண்டிலேயே அங்கு அது தோன்றிவிட்டது. 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 'மாக்' என்றால் மகன். (மாக் என்பதையும் நம் மகனையும் பக்கத்திற் பக்கம் வைத்து மகிழ்வார் நம்மிடையே உளர். ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் உறவு முடிந்துவிடாது; வேர்ச்சொல் வல்லார் அதனை ஆராய்க.) மகளுக்கு வேறு முன்னொட்டு, மனைவிக்கு வேறு முன்னொட்டு என ஒழுங்குடன் அமைந்த மரபு அது. 1465-இல் ஆங்கில ஆட்சி தன் கைக்குட்பட்ட டப்ளின் சூழ் மாவட்டங்களில் ஒரு சட்டம் இயற்றியது. அங்கு வாழும் ஐரியர் ஆங்கிலர்போல் உடுத்த வேண்டும். ஆங்கிலக் குடிப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். அப் பெயர் ஓர் ஊரின் பெயராகவோ, நிறத்தின் பெயராகவோ, கைத்தொழிலின் பெயராகவோ, அலுவலின் பெயராகவோ இருக்கலாம். மறுத்தால் உடைமை பறிபோகும்.

சட்டத்தினும் கொடியது எழுத்தரின் எழுதுகோல். ஐரிய மொழி அறியாத எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதினார். 'ஓ'வும் 'மாக்'கும் உதிர்ந்தன. கடற்போர் மறவன் என்னும் பொருள்தரும் முன்னோன் பெயரால் அமைந்த ஓ முர்ச்சதா, மர்பி ஆயிற்று. கொல்லன் மகன் என்னும் பொருளுடைய மாக் கவ்வன், கேவன் மாவட்டத்தில் நேரே மொழிபெயர்ந்து சுமித்து ஆயிற்று. வேறொரு பெயரின் ஈறு 'அரசன்' என்னும் ஐரியச் சொல்போல் ஒலித்ததால், அக் குடியினர் ஆங்கிலத்தில் 'கிங்' ஆயினர். 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, அயர்லாந்தில் மர்பிகள் ஏறத்தாழ 62,600 பேர், கெல்லிகள் 55,900 பேர் எனக் கண்டனர். ஐந்தாம் இடத்தில் நின்ற பெயர் சுமித்து! ஆங்கிலேயரின் பெயரன்றோ அது என்பீர். அவருள் எத்துணைப் பேர் மாக் கவ்வனின் மக்கள் என்று எவர் பிரித்துச் சொல்ல வல்லார்? இன்றும் அந் நாட்டில் மர்பியே முதற்பெயர்.

1892-இல் டப்ளினில் தக்ளசு ஐடு என்னும் அறிஞர், அயர்லாந்து தன்மீது படிந்த ஆங்கிலச் சாயத்தைக் கழுவ வேண்டும் என்று உரை நிகழ்த்தினார். மறு ஆண்டு ஐரிய மொழிக் கழகம் கண்டார். 1938-இல் அவரே அந் நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஆனார். அவ் வெழுச்சியில் சல்லிவன்கள் பலர் மீண்டும் ஓ சல்லிவன் ஆயினர். கானர்கள் ஓ கானர் ஆயினர். மர்பிகளோ பெரும்பாலும் திரும்பவில்லை. நான்கு தலைமுறை மறந்துவிட்ட ஓரெழுத்தை மீட்பது அத்துணை அரிது.

அயர்லாந்தின் கதை நமக்கெதற்கு என்னலாம். ஆனைக்குட்டத்தார் ஒருவர் தம் பெயர்முன் ஊரெழுத்தை எப்படி எழுதுகின்றார் என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தை எழுதி 'ஏ' என்பார். ஆனை ஏயாயிற்று! தந்தை குமாரசாமி என்றால் 'கு' அன்று, 'கே'. விருதுநகர் ஈன்ற பெருந்தலைவரையே எடுத்துக்கொள்ளுங்கள். குமாரசாமியின் மகன் காமராசர் தமிழ்த் தாள்களிலும் 'கே. காமராசர்' என்றே பல்லாண்டு அச்சேறினார். இன்னும் வேடிக்கை ஒன்று. தமிழில் ஊ. பு. அ. சவுந்தரபாண்டியனார் என எழுதப்பெறும் நயன்மைக் கட்சித் தலைவரின் முன்னெழுத்துகள் ஆங்கிலத்தில் 'டபிள்யூ. பி. ஏ.' ஆயின. ஊகாரத்தை எழுத ஆங்கிலத்தில் இடமின்றி வேறெழுத்தைக் கடன்வாங்கினர். சென்னையில் அவர் பெயரால் அமைந்த கடைத்தெருவும் பாண்டி பசார் எனத் தேய்ந்து, புதுச்சேரியின் பெயரோ என்று மயங்கும் நிலைக்கு வந்துவிட்டது. அயர்லாந்துக்கு வாள் தேவைப்பட்டது. நமக்கு ஒரு புள்ளியிட்ட எழுத்தே போதுமானதாயிற்று.

கால்டுவெல் என்னும் பெயருக்கே நம் மண்ணில் நேர்ந்ததையும் காண்க. நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர்ப் பகுதிக் கிறித்தவக் குடும்பங்களில் கால்டுவெல் என்று பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் உண்டு. அயர்லாந்தில் குடிப்பெயர், இங்கோ இடுபெயர்! நன்றியின் அடையாளம் அது, குறை கூறேன். ஆயின் அக் கால்டுவெல்லின் மகன் தமிழில் 'கா.' என்றெழுதாது 'சி.' என்றெழுதும்போது, அவ் வெழுத்து இசுக்காட்டுலாந்துக்கும் உரியதன்று, இடையன்குடிக்கும் உரியதன்று. மொழிஞாயிறு பாவாணரின் தந்தையாரும், தம்மை வளர்த்த தோக்கசு என்னும் வெள்ளைக் குருவின் பெயரால் ஞானமுத்து தோக்கசு எனப்பட்டவரே. மகனோ அவ் வொட்டை விட்டு, ஞா. தேவநேயன் என நின்றார்.

நம் முன்னோர்க்குக் குடிப்பெயர் இல்லை என்று சிலர் நாணுவர். அவர்கள் கழக இலக்கியப் புலவர்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்ததில்லை போலும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், ஒக்கூர் மாசாத்தியார். ஊர், தந்தை, தொழில் எல்லாம் முன்னே நிற்கின்றன. பெயர் இறுதியில் வருகின்றது. ஆங்கில அரசு 1465-இல் வாள்முனையில் ஐரியர்மேற் சுமத்திய ஊரும் தொழிலும், ஈராயிரம் ஆண்டின்முன் தமிழர் விருப்பாற் சூடியவை. அவற்றுள் சாதிவால் இல்லை என்பதையும் குறித்துக்கொள்க.

அவ் வால் பின்னர் வந்தது. வந்த கதை இவ் வட்டாரத்தில் குருதியால் எழுதப்பட்டது. தென்பாண்டி நாட்டில் ஒரு மக்கட் பெருங்கூட்டத்தைப் பிறர் இழித்து ஒரு பெயரால் அழைத்தனர். கால்டுவெல்லும் 1849-இல் அப் பெயரிலேயே அவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது அம் மக்களைப் புண்படுத்தியது. கடும் எதிர்ப்பும் எழுந்தது. நமக்கு ஒப்பிலக்கணம் தந்தவர் என்பதற்காக அதனை மறைக்க வேண்டுவதில்லை. 1899-இல் சிவகாசி தாக்கப்பட்டது. எல்லாவற்றையும் தாங்கி, வணிகத்தாலும் கல்வியாலும் நிமிர்ந்த அம் மக்கள், 1921-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாம் விரும்பிய நாடார் என்னும் பெயரையே ஏற்கச் செய்தனர். அன்று அது தன்மானம். தாழ்த்தப்பட்டவன் தன் பெயரைத் தானே எழுதும் உரிமை அது.

எட்டே ஆண்டுகள் சென்றன. 1929 பிப்பிரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் தன்மான மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரின்பின் இடுவதை விடுக என்று முடிவு செய்தது. தலைமை தாங்கியவர் யார்? முன்னர்ச் சொன்ன சவுந்தரபாண்டியனாரே. போராடிப் பெற்ற பட்டத்தின் மை காயுமுன் அதனைக் கழற்றி வைத்தார். மூன்றாம் மாகாண மாநாடு 1931-இல் விருதுநகரிலேயே கூடியது. 1922-இல் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து சிவகாசியை வாழவைத்த இருவரின் பெயர்களைப் பட்டம் இன்றிச் சொன்னால் ஊரார்க்கே விளங்காது. அத்துணை இறுக ஒட்டிய காலம் அது. அக் காலத்திற் கழற்றியது எளிய செயலன்று. அயர்லாந்து இழந்ததை மீட்டது. தமிழகம் பெற்றதைத் துறந்தது. இரண்டில் எது கடினம் என்று எனக்கு ஐயமில்லை.

இன்றைய இடர் வேறு வழியாக வருகின்றது. கடவுச்சீட்டுப் படிவத்தில் குடிப்பெயர் என்றொரு கட்டம் இருக்கின்றது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் வரும் சுற்றுலாச் செலவினரை ஏற்பதில்லை என அறிவித்தபோது, பாலை நாடுகளை நம்பிய நம் இளைஞர் கலங்கினர். வெற்றுக் கட்டத்தை எதையேனும் இட்டு நிரப்ப வேண்டும். தந்தை பெயரை இடுவோர் பலர். அயல்நாட்டு அலுவலகத்தில் மகனைத் தந்தை பெயரால் அழைக்கிறார்கள். மருமகளையும் மாமனார் பெயரால் அழைக்கிறார்கள். இந் நகைப்பைப் பொறுத்துக் கொள்ளலாம். தாத்தன் கழற்றிய சாதிப் பட்டத்தைப் பேரன் தேடியெடுத்து அக் கட்டத்தில் ஒட்டுகிறானே, அதைப் பொறுக்க இயலவில்லை. வடநாட்டார்க்கு இருக்கிறதே, நமக்கு வேண்டாவா என்கின்றான். கணிப்பொறி கேட்டதாம்! கணிப்பொறி ஒரு சொல்லைத்தான் கேட்டது, சாதியைக் கேட்கவில்லை.

அயர்லாந்திலிருந்தே இதற்கொரு சான்று தருகிறேன். 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 வரையும் அந் நாட்டின் தலைமை அமைச்சராய் இருந்தவர் லியோ வராத்கர். அவர் தந்தை மராட்டியத்தவர். வராத்கர் என்றால் வரத் என்னும் ஊரினர். கொங்கணக் கரையில் மால்வன் பக்கத்துச் சிற்றூர் அது. ஓக்களும் மாக்குகளும் நிறைந்த நாடாளுமன்றத்தில் ஒரு கொங்கணச் சிற்றூர் தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தது. ஊர்ப்பெயரால் அவர்க்கு இழுக்கு ஏதும் வந்துவிடவில்லை.

ஆனைக்குட்டத்துப் பிள்ளைக்கும் அக் கட்டத்தில் எழுத ஆனைக்குட்டம் இருக்கின்றது. நீளம் என்பீரேல், ஐரியப் பெயர்கள் சிலவற்றை எழுத்தெண்ணிப் பாருங்கள். ஊரில் எல்லார்க்கும் ஒரே பெயராகிவிடுமே என்பீரேல், 62,600 மர்பிகள் இருந்த நாட்டில் எவரும் வழிதவறிப் போகவில்லை. ஊர் மாறிப் போயிற்று என்போர் தாய் பெயரையோ தந்தை பெயரையோ முழுமையாக இடுக. இவற்றுள் எதுவும் எனக்கு உடன்பாடே. வால் ஒன்றுதான் கூடாது.

கட்டத்தை நிரப்புவதற்கு முன்பே செய்ய வேண்டியது பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுக எனத் தமிழக அரசு 2021 திசம்பரில் ஆணையிட்டது. ஆணை இருந்தும் பழைய எழுத்தே பல இடங்களில் தொடர்கின்றது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோர், முதல்நாளே ஆனைக்குட்டத்தின் ஆகாரத்தையும் குமாரசாமியின் குகரத்தையும் தம் கையாலேயே தாளில் எழுதிக் கொடுக்க. எழுத்தர் அதனை 'ஏ' என்றும் 'கே' என்றும் மாற்றினால், அவ் வாணையின் படியொன்றை மேசைமேல் வைத்துத் திருத்திவிட்டே வீடு திரும்புக.