நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவங்களைத் தூங்க விடுவோம் 🙏



நம்ம தொண்டூழியர் குழுவில் ஒரு தங்கச்சி, மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனை செய்கிறார். குறட்டைப் பிரச்சினையோடு வருபவர்களின் தலையிலும் நெஞ்சிலும் காலிலும் ஒயர் ஒட்டி, மூளை அலை, மூச்சு, இதயத் துடிப்பு எல்லாத்தையும் விடிய விடிய திரையில் கவனிக்கணும். 10 விநாடி மூச்சு நின்றாலே கணக்கில் வரும். மணிக்கு 30 தடவைக்கு மேல் நிற்பவர்களும் உண்டு. தூங்குகிறவருக்கே அது தெரியாது.

காலையில் ஒயரையெல்லாம் கழற்றிவிட்டு நேரா கோயிலுக்கு வருவார். நாங்களும் யோசிக்காமல் அன்னதானத்துக்குக் காய்கறி வெட்ட உட்கார வைத்தோம். போன மாதம் வீட்டுக்குப் போகும்போது, சிக்னலில் காரை நிறுத்தியவர் அப்படியே கண் அசந்துவிட்டார். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்துத்தான் விழித்தார். அம்மாதான் காப்பாத்தினா. தப்பு எங்களுடையது.

சாமி காரியத்துக்குத் தூக்கம் பார்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். தினமும் ராத்திரி பள்ளியறை பூஜை செய்து சாமியையே தூங்க வைக்கிறோமே! மனுஷனுக்கு வேண்டாமா?

இனி இரவு வேலை பார்க்கிற நர்ஸ், காவலாளி, தொழிற்சாலை ஊழியர் யாருக்கும் காலை டியூட்டி போட மாட்டோம். கும்பிட்டு, பசியாறிட்டு வீட்டுக்குப் போங்க. மாலை பூஜைக்கு வந்தால் போதும். "காலையில ஆளையே காணோமே" என்று யாரும் கேட்காதீங்க. தூங்குவது சோம்பல் இல்லை.

பலமா குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிகிறவங்க தயவுசெய்து டாக்டரைப் பாருங்க.

ஓம் சக்தி 🙏