பனியாற்றுக்கும் வரவு செலவு உண்டு

இமயமலைப் பனியாறுகள் எந்த ஆண்டில் மறையும் என்று பலரும் கேட்கிறார்கள். மாணவர்களே, அந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கருத்து.

2007-இல் வெளிவந்த ஐ.நா. பருவநிலைக் குழுவின் அறிக்கை ஒன்று, அவை 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்றது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று 2010 ஜனவரியில் அக்குழுவே ஒப்புக்கொண்டது. உடனே சிலர், பனி உருகுவதாகச் சொல்வதே கட்டுக்கதை என்றனர். முன்னது வீண் அச்சம். பின்னது வீண் அலட்சியம். இரண்டுக்கும் மருந்து அளவீடுதான்.

உத்தரகாண்டில் 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா மலையைப் பாருங்கள். அங்கு விழும் பனி அடுக்கடுக்காகப் படிந்து, தன் எடையாலேயே இறுகிப் பனிக்கட்டியாகிறது. கெட்டியான பொருள்தான்; ஆயினும் புவியீர்ப்பினால் மிக மெதுவாகக் கீழ்நோக்கி நகர்கிறது. இதுவே கங்கோத்ரிப் பனியாறு. சுமார் 30 கி.மீ. நீண்டு, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் கோமுகத்தில் முடிகிறது. அங்கிருந்து பாகீரதி நதி புறப்படுகிறது.

1935-இல் ஆடன் என்ற நிலவியலாளர் இதன் முனையை அளந்து வரைந்தார். அதன் பிறகு முனை 1 கி.மீ.க்கும் மேல் பின்வாங்கியுள்ளது. பனிக்கட்டி மலையேறிவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. அது எப்போதும் கீழ்நோக்கியே நகரும். முனைக்கு வந்து சேர்வதைவிட அங்கே உருகுவது அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் முனையை மட்டும் பார்ப்பதும் போதாது. கல்லும் மண்ணும் கனமாக மூடிய முனை வெயிலுக்குத் தப்பி அப்படியே நிற்கலாம். பனியாறோ உள்ளுக்குள் மெலிந்துகொண்டிருக்கலாம்.

நாகமலை புதுக்கோட்டையில் உள்ள நாம் வைகை அணையை எப்படி மதிப்பிடுகிறோம்? நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று கணக்கைப் பார்க்கிறோம். பனியாற்றுக்கும் அதே கணக்குத்தான் வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் நம் விஞ்ஞானிகள் இதைச் செய்து வருகிறார்கள். பனியில் துளையிட்டுக் கழிகளை இறக்கி, ஆண்டுதோறும் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளக்கிறார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் கணக்கு நட்டத்திலேயே முடிந்திருக்கிறது.

நம் வைகைக்குப் பனியாறு இல்லை. மழை பொய்த்தால் மணல்தான் மிஞ்சும். பாகீரதிக்கோ கோடையில் உருகும் பனி கைகொடுக்கிறது. அந்த இருப்பு விதைநெல் போன்றது. அது குறைவதை அளந்து அறியாமல் இருப்பது அறிவுடைமை ஆகாது.

இந்திய இமயத்தில் 9,500-க்கும் மேற்பட்ட பனியாறுகள் உள்ளன. நேரில் சென்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கப்படுபவை மிகச் சிலவே. அதற்கு இயற்பியலும் கணக்கும் கற்ற இளைஞர்கள் வேண்டும். அவர்கள் இமயத்தின் அடிவாரத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. இனிப் பனியாற்றைப் பற்றிய செய்தியைப் படித்தால், "இவ்வாண்டு எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு போயிற்று, எப்படி அளந்தார்கள்?" என்று கேளுங்கள். அதுவே விஞ்ஞானக் கேள்வி.